பைக்குள் கிடந்த உன் கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் வலிதான் குறைந்தபாடில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். குட்டிக்குக் காய்ச்சல் விட்டதா? போன வாரம் நீ அம்மாவிடம் ஃபோனில், ‘எழுத்தெல்லாம் எனக்கு ஒத்து வராதும்மா, அந்த மேசையைக் குட்டிக்குக் கொடுத்துட்டேன்’ என்றாயாம். அதைக் கேட்டபோது ஷூ துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த ஷூவையே மறுபடி துடைத்தேன்.

உன் கதையைப் படித்துவிட்டுப் பத்திரிகை ஆசிரியர் ‘உயிரில்லை’ என்று சொன்னதாக உன்னிடம் சொன்னேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை, நான் கொடுக்கவே இல்லை. நேரில் கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய உறை ஏழு மாதமாக என் ஆபீஸ் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. உறை வந்த மறுநாளே அவனுடைய அலுவலகம் வரை போனேன். என்னோடு படித்த, நாங்கள் ‘ஒட்டடைக்குச்சி’ என்று கூப்பிட்டவன்தான் அவன், இருபது வருடம் முன்பு என் கதையை நீட்டியபோது ‘உயிரில்லைடா’ என்று திருப்பிக் கொடுத்தவன். அந்தச் சொல்லைத்தான் உன் தலையில் இறக்கினேன். அவன்மேல் இன்னும் கோபம்தான், அது வேறு. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். ‘தாள்ல கறை இருந்தா தப்பா நினைக்காதீங்கப்பா, குட்டியை மடியில வச்சுக்கிட்டே திருத்தினது, சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்தேன்’ என்று சீட்டு வைத்திருந்தாய். உத்தியோகமும் குடும்பமும் என் எழுத்தைத் தின்றுவிட்டன என்று முப்பது வருடமாக உங்கள் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். சின்ன வயதில் நீ அறைக் கதவைத் தட்டினால் எரிந்து விழுவேனே, உள்ளே நான் எழுதிக்கொண்டிருக்கவில்லையம்மா, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். உன் கதை நன்றாக இருந்தது. அதனால்தான் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை பையின் ஜிப்பைத் தைக்கக் கொடுக்க அம்மா பையைக் கவிழ்த்தாள். டப்பாவோடு உன் உறையும் விழுந்தது. ‘பெத்த பொண்ணு மேலயே பொறாமையா உங்களுக்கு’ என்று கேட்டுவிட்டு டப்பாவைக் கழுவப் போனாள். இப்போதாவது கொடுத்துவிடுகிறேன் என்றதற்கு, ‘நீங்க கொடுத்துக் கிழிச்சது போதும்’ என்றாள். அந்த முழங்காலோடு மூன்று மாடி ஏறித் தானே கொடுத்துவிட்டு வந்தாள். அவன் நின்றபடியே நாலு பக்கம் புரட்டிவிட்டு ஃபோன் நம்பர் கேட்டானாம். உன்னுடையதைத்தான் கொடுத்திருக்கிறாள். நல்லதோ கெட்டதோ, இனி அவன் சொல்வது அவன் வாயிலிருந்தே உனக்கு வரும்.

புகார்க் கடிதங்களுக்கு ‘வருந்துகிறோம்’ என்று தினமும் பதில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த வார்த்தையை உனக்கும் எழுதக் கை கூசுகிறது. மேசையைக் குட்டியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள். எழுதும்போது அவள் கதவைத் தட்டினால் திற. அம்மாவின் ஆசியோடு, மனமிருந்தால் என்னுடையதையும் சேர்த்துக்கொள். இந்தக் கடிதத்தை அவளே தபாலில் போடுவாள், என் பையில் வைக்க விடவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா