மைனாவைக் காணோம்

2005 ஜூலை 11, திங்கள்

தீப்பெட்டி ஆபீசுக்கான நிரல் முடிந்தது. தீப்பெட்டிப் பண்டலில் ஒட்டும் சீட்டை, அவர்களுடைய மூன்று லேபிளுக்கும், அதாவது மார்க்குக்கும், தனித்தனியாக அச்சடிக்கும். பைத்தான் இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓடும்படி தனியே இயங்கும் எக்ஸி கோப்பாகக் கட்டியிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் அவர்கள் ஏற்றுக்கொண்டால் கம்ப்யூட்டர் சென்டரில் என் வேலை நிரந்தரம் என்றார் சென்டரை நடத்தும் மாரிராஜ் சார். இல்லையென்றால் சொந்த ஊரான புதூருக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்பாவும், "படிச்ச வரைக்கும் போதும், வந்துரு" என்கிறார்.

ஜூலை 12

அவமானம். தீப்பெட்டி ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்ஸியைத் தட்டியதும் கருப்புச் சன்னல் ஒன்று திறந்து, படிப்பதற்குள் மூடிக்கொண்டது.

"என்னம்மா, மின்னலு கணக்கா வெட்டிட்டுப் போயிருச்சு. மழை எப்ப?" என்றார் முதலாளி நந்தகோபால். எல்லோரும் சிரித்தார்கள். டாஸ் திரையிலிருந்து ஓட்டினால் பிழைச் செய்தி நிற்கும். தெரியும். அத்தனை பேர் பார்க்கையில் கை ஓடவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலை 13

இங்கே சென்டரில் ஓடத்தான் செய்கிறது. அங்கே மட்டும் ஏன்?

ஜூலை 14, வியாழன்

தீப்பெட்டி ஆபீசில் டைப் அடிக்கும் அமுதவள்ளி அக்கா சென்டருக்கே வந்துவிட்டார். கையில் ஒரு லேபிள் தாள். பின்பக்கம் பென்சிலில் ஆங்கில எழுத்துகள்.

"சாப்பாட்டு நேரத்துல பதினாலு தடவ தட்டுனேன் விஜி. தடவைக்கு ஒரு வார்த்தையாப் புடிச்சேன். கடைசி வார்த்தை நம்ம மைனா லேபிளு. ஏட்டி, மைனாவையா காணோங்குது?"

மைனா என்ற மாட்யூல் இல்லை — அதுதான் செய்தி. பார்த்ததுமே புரிந்தது. லேபிளுக்கு ஒரு மாட்யூலைத் தனிக் கோப்பாக எழுதி, பட்டியலில் உள்ள பெயரைப் பார்த்து நிரல் அழைத்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். எக்ஸி கட்டும் கருவிக்கோ, நிரலில் மாட்யூலைப் பெயர் சொல்லிச் சேர்க்கும் இம்போர்ட் வரியில் இருக்கும் பெயர்தான் தெரியும், மற்றதை விட்டுவிடும். இங்கே எக்ஸியும் மாட்யூல்களும் ஒரே போல்டரில் கிடந்ததால் குறை தெரியவில்லை.

"முதலாளி அனுப்புனாங்களாக்கா?"

"அவிய எங்க அனுப்ப? நீ தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனது எனக்குப் பொறுக்கல."

ஜூலை 15

மூன்று லேபிள் பெயர்களையும் கட்டும் கோப்பில் எழுதிச் சேர்த்தேன். பைத்தான் இல்லாத கம்ப்யூட்டர் வேண்டும் என்று மாரிராஜ் சாரிடம் வாய்விட்டுக் கேட்டேன். "மொதல்லயே கேட்டுருக்கலாம்லா?" என்று தன்னுடையதைத் தந்தார். ஓடியது.

ஜூலை 16, சனி

அங்கேயும் ஓடியது. முதலாளி சீட்டைப் படித்துவிட்டு, "ஒட்டுங்க" என்றார். அவ்வளவுதான். அமுதவள்ளி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இங்கே எழுதுகிறேன்: நன்றி, அக்கா.

ஜூலை 31, ஞாயிறு

அப்பா வந்தார். புதூர் பஸ்ஸின் மேலே போட்டு என் தகரப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்.

"துணிமணி, சர்ட்டிபிகேட்டு எல்லாம் கெடக்கு. இங்கனயே வச்சுக்கோ."