வேலி பார்க்க வந்த ஜான் ஆடம்ஸ்

மே 6

ஊர்க்கூட்டம் முடிந்தது. பள்ளிக்கூட ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மடக்கு நாற்காலி போட்டு, டன்ஹேவன் ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானித்தோம். குப்பைக் கட்டணத்துக்கு மாலை முழுவதும் சண்டை. கடைசியில், பாதிப் பேர் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது, வேலிப் பார்வையாளர் பதவி. எதிர்த்து நிற்க யாரும் இல்லை. என் கணவர் ஏசா மறுபடி தேர்வானார்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் எல்லைத் தகராறு வந்தால் வேலியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அதிகாரி இவர். பல வருடமாக இவரே. இதுவரை எந்த வேலியும் கூப்பிடவில்லை. சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை. அதனாலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஊழலே நடக்காத ஒரே பதவி.

காரில் வரும்போது ஏசா சொன்னார், "ஆடம்ஸும் இப்படித்தான் ஆரம்பிச்சார் லோயிஸ். முதல்ல ஊர் ரோட்டைப் பாத்துக்கற வேலை. அப்புறம்தான் ஜனாதிபதி."

"உனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு."

"அவர் பதவிக்கு வந்தப்போ அறுபத்தொண்ணு."

"அப்போ கொஞ்சம் லேட்தான்."

வீடு வரும்வரை உதடு மட்டும் அசைந்தது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மே 9

லைமன் கோப் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' பலகை.

ஏசா அதை மளிகைக்குப் போகும்போது பார்த்தார். திரும்பும்போதும் பார்த்தார். பால் வாங்க மறந்துவிட்டேன் என்று மறுபடி போனார். வீட்டில் பால் இருந்தது.

இதை எழுதி வைக்கிறேன், எனக்காவது தெளிவாக இருக்கட்டும். வருடா வருடம் ஜூலை நாலாம் தேதி, சுதந்திரப் பிரகடனத்தைத் தேவாலயப் படியில் நின்று ஊருக்குப் படித்துக் காட்டுவது இங்கே வழக்கம். இருபது வருடம் ஏசாதான் ஜான் ஆடம்ஸ், லைமன்தான் அதை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன். குட்டை, வழுக்கை, தொந்தி, சுருக்கென்று கோபம் — கடவுளே ஏசாவுக்கு வேஷம் போட்டு அனுப்பியிருக்கிறார். லைமன் உயரம்; பல் டாக்டராக இருந்ததால், எதிரில் இருப்பவர் பதில் சொல்ல முடியாதபோது பேசுவதில் நல்ல பழக்கம். ஆளுக்கொரு பத்தி. அது முடிந்ததும் எங்கள் வீட்டில் சால்மன் மீனும் பட்டாணியும்.

நாலு வருடம் முன்னால், 'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று லைமன் படித்து நிறுத்தினான். ஏசா இடையில் புகுந்தார். "எழுதினது நல்லாருக்கு, ஜெஃபர்சன். உம்ம வீட்ல வெந்நீர் வைக்கறது யாரு?"

கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு சிரிக்கவில்லை. முன் வரிசையில் லைமனின் பேத்திகள். லைமன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

"நான் ஜெஃபர்சனைத்தான் கேட்டேன்," என்கிறார் ஏசா, இன்றுவரை.

"ஆனா அங்க நின்னது நான்," என்று லைமன் சொன்னதாகத் தபால் நிலையத்தில் கேள்விப்பட்டேன்.

கேள்வி நியாயமானதுதான், ஜெஃபர்சன் வீட்டு வேலையெல்லாம் செய்தது அடிமைகள். ஆடம்ஸ் கேட்டதெல்லாம் நியாயம். அதனால்தான் அவருக்கு நண்பர்கள் குறைவு. அசல் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் பதினோரு வருடம் பேசாமல் இருந்தார்கள், ஒரு நாட்டின் தேர்தலுக்காக. இவர்கள் வெந்நீருக்காக நாலு வருடம். இப்போது பள்ளி முதல்வர் மைக் வைத்துப் படிக்கிறார். கேட்டால் இங்கிலாந்துடனேயே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

மே 10

ஏசா காலைச் சைடரை, அந்த ஆப்பிள் மதுவை, தொடவில்லை. ஆடம்ஸ் தினமும் குடித்தார் என்பதற்காக, டாக்டரை மீறிக் குடிப்பது. இன்று டாக்டர் சொன்னதைக் கேட்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 21

காலையில் போன். "லோயிஸ், வேலிப் பார்வையாளர் இருக்காரா?"

நாலு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். "இருக்கார் லைமன். முட்டை சாப்பிடறார்."

"சாப்பிட்டு முடிக்கட்டும். ஒரு தகராறு."

அவன் பக்கத்து வீட்டு கில் பச்சேக்கோ, வேலி தன் நிலத்தில் ஒரு சாண் நுழைந்திருப்பதாகச் சொல்கிறாராம். இது தீராமல் வீடு வாங்க வந்தவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள். லைமன் அரிஸோனாவுக்கு, டூசானில் இருக்கும் மகள் கோரினிடம் போகிறான்.

ஏசாவிடம் சொன்னேன். முட்டையை வைத்துவிட்டு எழுந்து டை கட்டப் போனார்.

"இன்னிக்கே போகப்போறியா?"

"இல்ல. கட்டி எத்தனையோ வருஷமாச்சு. வருதான்னு பாக்கறேன்."

மே 24

முதல் பார்வை. என்னையும் கூட்டிப் போனார், சாட்சிக்கு. சட்டப்படி இரண்டு பார்வையாளர் வேண்டும். இன்னொருவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய் ரொம்ப நாளாகிறது, ஊரில் யாரும் கவனிக்கவில்லை.

நாற்பது வருடம் இரும்புச் சாமான் கடை நடத்தியவர் ஏசா. அளக்கும் டேப்பை நீட்டும்போது அந்தக் கை தனி. லைமன் கொல்லைப் படியில் நின்றான். மெலிந்திருக்கிறான்.

"புகார்தாரர் கொஞ்சம் நகரணும்," என்றார் ஏசா, என்னைப் பார்த்து.

"புகார் குடுத்தது பச்சேக்கோன்னு அதிகாரிகிட்ட சொல்லு லோயிஸ்," என்றான் லைமன், என்னைப் பார்த்து.

"பிரதிவாதி நகரணும்."

"எதுக்காம்?"

"அவன் நிழல் டேப்பு மேல விழுதுன்னு சொல்லு."

"என் நிழல் எப்பவுமே நீளம்தான்னு சொல்லு."

நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். பச்சேக்கோ இனிப்பு ரொட்டி கொண்டுவந்து வேலிக்கு மேலாக நீட்டினார். பெரிய தகராறுக்காரர்போல் தெரியவில்லை. மூன்று பேரும் தின்றார்கள்.

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

ஜூன் 1

இரண்டாம் பார்வை. மழைக்குப் பிறகு மரம் உப்பும், அதனால் மறுபடி அளக்க வேண்டுமாம்.

ஜூன் 5

வெயிலில் மரம் சுருங்கும். அதனால் மறுபடி.

ஜூன் 8

நானும் போனேன். டேப் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு பேரும் புல்வெளி நாற்காலியில் உட்கார்ந்து ஆடம்ஸ் காலத்து அரசியல்வாதி ஹாமில்டனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடம்ஸும் ஜெஃபர்சனும் மனமார ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

"உன் ஆளு ஜெஃபர்சன் பயந்தாங்கொள்ளிடா. மனசுல இருக்கறதை மூஞ்சிக்கு நேரா சொல்லவே மாட்டான்," என்றார் ஏசா.

"உன் ஆளு சொல்லிட்டே இருப்பான். எது மனசுல இருக்கு, எது வாயில இருக்குன்னு அவனுக்கே தெரியாது."

"உண்மையைச் சொன்னா உறுத்தும்."

"பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடணும்டா. பிடுங்கறது சரிங்கறதுக்காக ஊசி வேணாம்னு ஆயிடுமா?"

ஏசா மெல்லத் தலையாட்டினார். திருமணமாகி இத்தனை வருடத்தில் நான் பார்த்திராத காட்சி.

ஜூன் 14

டூசானிலிருந்து கோரின் போனில். "ஆன்ட்டி, அந்த வேலி எப்போ முடியும்? வீடு வாங்கறவங்க இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பாங்களாம்."

மரம் உப்புவதைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"அப்பா பிப்ரவரியில குளியலறையில விழுந்தார், தெரியுமா? பக்கத்து வீட்டு பச்சேக்கோ வந்து பாக்கற வரைக்கும் தரையிலயே கிடந்திருக்கார். யார்கிட்டயும் சொல்லாதேன்னுட்டார். இன்னொரு குளிர்காலம் அவரைத் தனியா விட முடியாது ஆன்ட்டி. ப்ளீஸ்."

தெரியாது. நாலு தெரு தள்ளி இருக்கிறோம். ஊரில் யார் நாய்க்கு என்ன உடம்பு என்று தெரியும். இது தெரியாது.

ஜூன் 15

ஏசாவிடம் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. — டேப்பு வித்துப் பொழைச்ச மனுஷன், ஒரு வேலியை அளக்க ஒரு மாசமா? அவன் விழுந்து கிடக்கான், இங்க இவர் மரம் உப்புது சுருங்குதுன்னு... எல்லாத்தையும் சொல்லிவிட்டேன்.

"வேலி சரியாத்தான் இருக்கு," என்றார். "முதல் நாளே தெரியும்."

"அப்புறம்?"

"தீர்ப்பு சொன்னா போயிடுவான்."

பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தார். பாஸ்டனில் ஜனங்களைச் சுட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக ஆடம்ஸ் வாதாடினார், ஊரே வேண்டாம் என்றது, அவருக்கும் அவர்களைப் பிடிக்காது, ஆனாலும் நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது என்றார். எனக்குத் தெரிந்த கதைதான். எனக்காகச் சொல்லவில்லை.

ஜூன் 17

தீர்ப்பு.

டை கட்டி, வேலியின் நடுவில் நின்று, தொண்டையைச் செருமினார். வேலி எல்லையில்தான் நிற்கிறது. பச்சேக்கோவின் திராட்சைக்கொடி அதில் சாய்ந்துகொள்ளலாம், புது வீட்டுக்காரர்கள் வெட்டக்கூடாது. வாதி, பிரதிவாதி, இரு தரப்பும் கை கொடுக்கவும்.

பச்சேக்கோ கை கொடுத்தார். லைமன் அவருக்கும் கொடுத்தான், பிறகு ஏசாவுக்கும்.

"முதல் நாளே தெரியும்ல உனக்கு?" என்றான்.

"தெரியும்."

"ஊர்ப் பதவியைத் துஷ்பிரயோகம் பண்ணியிருக்கே."

"புகார் குடு. போடா."

வீட்டுக்கு வந்து ஏசா படுத்துவிட்டார், பகலிலேயே. டையோடு.

ஜூன் 20

பச்சேக்கோ திராட்சை இலையும் தொத்திறைச்சியும் கொண்டுவந்தார். ஏசா இல்லை. வாசலிலேயே நின்று, தொப்பியைத் திருகிக்கொண்டு —

"லோயிஸம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வேலியைப் பத்தி எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. லைமன் டாக்டர்தான் கேட்டார், ஏதாவது புகார் குடேன்னு. எதுக்கு டாக்டர்னேன். 'வேலிப் பார்வையாளரை வேற எப்படிய்யா கூப்பிடறது'ன்னார்."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். இரண்டு பெரிய மனிதர்கள். ஒருவனுக்கு வருகிறாயா என்று கேட்க வாய் வரவில்லை, அரசாங்கத்தை வரவழைத்தான். இன்னொருவருக்குப் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, டேப்பை நீட்டினார். இந்த நாட்டை எழுதி வைத்தவர்களும் இப்படிப்பட்டவர்கள்தான். இத்தனை வருடம் ஓடியதே அதிகம்.

ஏசாவிடம் சொல்லப்போவதில்லை. லைமனே சொல்லட்டும்.

ஜூலை 2

1776-ல் விடுதலைக்கு ஓட்டுப் போட்டது இரண்டாம் தேதி. இனி வருடா வருடம் இந்த நாளைத்தான் வாணவேடிக்கையோடு கொண்டாடுவார்கள் என்று ஆடம்ஸ் மனைவிக்கு எழுதினார். நாடு நாலாம் தேதியைப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் மட்டும் ஆடம்ஸ் பேச்சு இன்னும் செல்லும். கொல்லையில் சுட்ட பீன்ஸ், கறுப்பு ரொட்டி, ஒரு மத்தாப்பூ. சாதாரணமாக நாங்கள் இரண்டு பேர்.

இன்று வேலிக் கதவு திறந்தது. இருபது வருட நட்பில் ஒருமுறைகூட இந்த 'மூடத்தனத்துக்கு' வந்திராத ஆள், கையில் ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக்.

"தப்பான தேதிக்கு வந்துட்டேனா?" என்றான் லைமன்.

"உன் வாழ்க்கையில முதல் தடவை சரியான தேதிக்கு வந்திருக்கே," என்றார் ஏசா. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஜூலை 4

பள்ளி முதல்வருக்குத் திடீரென்று தொண்டை கட்டிவிட்டதாம். நல்ல மனிதர்.

படியேறும் முன் லைமன் ஏசாவின் முழங்கையைப் பிடித்தான். "பாத்து ஏறு. ஆடம்ஸும் ஜெஃபர்சனும் ஒரே வருஷம், இதே நாலாம் தேதிதான் செத்தாங்க."

"உனக்கு முன்னாடி நான் போகமாட்டேன்."

"ஆடம்ஸ்தான் கடைசியில போனார். சில மணி நேரம் கழிச்சு. பொறாமை அப்பவும் விடல."

லைமன் படித்தான். அந்த வரி வந்தது. நிறுத்தினான். ஏசா தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோரினும் பேத்திகளும் வந்திருந்தார்கள், என் பக்கத்தில்தான்.

"இந்த இடத்துல ஒருத்தர் என்னை ஒரு கேள்வி கேட்டார்," என்றான் லைமன். "வெந்நீர் வைக்கறது யாருன்னு. அடிமைங்க வெச்சாங்க. நான் இதை எழுதினேன், அவங்க வெந்நீர் வெச்சாங்க. இதுக்கு மேல என்கிட்ட பதில் இல்ல. கேள்வி சரியான கேள்வி." ஏசா பக்கம் திரும்பி, "கேட்ட விதம் மகா மட்டம்," என்றான்.

அடுத்த பத்தி ஏசாவுடையது. காகிதத்தைக் கீழே இறக்கினார்.

"நான் அடிமை வெச்சுக்கல," என்றார். கூட்டத்தைப் பார்த்தல்ல. "ஆனா அடிமை வியாபாரத்தைக் கண்டிச்சு நீ எழுதின பத்தியை வெட்டினாங்க. வெட்டினதுக்கப்புறம் நானும் கையெழுத்துப் போட்டேன். அதையும் சேர்த்துக் கேட்டிருக்கணும்."

சின்னப் பேத்தி, "தாத்தா அழறாரா?" என்று கேட்டாள். எந்தத் தாத்தா என்று நான் கேட்கவில்லை.

பிறகு இருவரும் இங்கிலாந்து மன்னரின் குற்றங்களை ஒவ்வொன்றாக, நல்ல சத்தமாக, மகிழ்ச்சியாகப் படித்தார்கள்.

ஜூலை 9

லைமன் போய்விட்டான். ஏசா கோரினின் காரில் பெட்டிகளை ஏற்றினார், இறக்கினார், சரியாக அடுக்கவில்லை என்று மறுபடி ஏற்றினார். இந்த முறை யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஜூலை 10

வீடு ரொம்ப அமைதி.

அக்டோபர் 18

என் தங்கை மெர்சி வெர்மான்டிலிருந்து காலை முழுவதும் கூப்பிட்டுப் பார்த்தாளாம், லைன் கிடைக்கவில்லை. "போன் கெட்டுப்போச்சா?" என்றாள்.

கெடவில்லை. டூசானில் விடியும்போதே லைமனும் ஏசாவும் ஆரம்பிக்கிறார்கள். இன்று பிரெஞ்சுப் புரட்சி. நான் காரட் நறுக்க ஆரம்பித்தபோது தலைவெட்டும் கில்லட்டினில் இருந்தார்கள்; சூப் கொதித்தபோதும் அங்கேயே. கூப்பிட்டேன். கையைக் காட்டினார், அப்புறம் என்று. சூப் ஆறியது. எனக்கு ஊற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"இல்லடா, நீ சொல்றது தப்பு. முழுத் தப்பு. அந்தப் புஸ்தகம் உன்கிட்டயே இருக்கு, எடுத்துப் பாரு... எந்தப் பெட்டியில? சரி, தேடு. மெதுவாத் தேடு, குனியாதே, கோரினைக் கூப்பிடு. நான் லைன்லதான் இருக்கேன்."