அவள் ஏன் அழுதவள் எண்டால்

அன்புள்ள பிள்ளையின்ர அப்பாவுக்கு,

நான் கோல் எடுத்தால் நீங்கள் ஆன்சர் பண்ணுறீங்கள் இல்லை. அதுதான் கட்டாருக்குத் திரும்பிப் போற மிரோஜனிட்ட இதைக் குடுத்து விடுறன்.

நீங்கள் லீவில அனலைதீவுக்கு வந்து நிண்ட நாளெல்லாம், கையில தூக்கினவுடன பிள்ளை வீரிட்டுக் கத்தினவள். "என்னை ஆரெண்டே தெரியேல்லை, இனி நான் ஏன் வாறது" எண்டு சொல்லிப்போட்டு, லீவு முடிய முந்தியே வள்ளம் ஏறினீங்கள்.

பிள்ளைக்குக் கட்டிவிட எண்டு நீங்கள் ஆசையாச் சுமந்து கொண்டுவந்தது பம்பஸ். எங்கட உவர்த் தண்ணியில துணி தோய்க்கிற கரைச்சல் இல்லை எண்டு நானும் சந்தோசப்பட்டனான். நனைஞ்சாலும் கழட்டி எறிய மனம் வரேல்லை. இந்த வெக்கைக்குக் குண்டியெல்லாம் சிவந்து புண்ணாப் போச்சுது. சொன்னால் உங்களுக்கு மனம் நோகும் எண்டு பவுடரைப் போட்டு மறைச்சனான்.

நீங்களோ அவளை அந்த இடத்தில கை குடுத்துத்தான் தூக்கிறனீங்கள்.

நீங்கள் போனாப்பிறகு மிட்வைஃப் அக்கா பாத்திட்டு ஏசினவ. "நனைஞ்சவுடன மாத்தும். நல்ல தண்ணியில கழுவி, தேய்க்காமல் ஒத்தி எடும். கொஞ்சநேரம் காத்துப்பட விடும். பவுடர் வேண்டாம்" எண்டு சொல்லி, பூசக் கிறீமும் தந்தவ. இப்ப ஒரு சிவப்பும் இல்லை. ஆர் தூக்கினாலும் சிரிக்கிறாள். நேற்று மீன் கொண்டு வந்த மனிசனிட்டயும் தாவிப் போனவள்.

அதைப் பாத்து எனக்குத்தான் அழுகை வந்தது. அந்தச் சிரிப்பு முதல்ல உங்களுக்கெல்லோ கிடைச்சிருக்க வேணும்.

உங்கட மகளின்ர அம்மா