விட்டமின் டப்பாவில் ஒளித்த நோய்

என் உயிரான எஸ்தரக்கா,

என்னிடம் வளர்ந்த உன் மகள் ஜெபாவைப் பெண்பார்க்கச் செங்கல் ஊரிலிருந்து வந்தவர்கள் இப்போதுதான் காரில் ஏறிப் போனார்கள். நம் விக்டர் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நடந்ததை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உனக்கு இருந்த வலிப்பு ஜெபாவுக்கும் இருக்கிறது, அக்கா. பத்தாம் வகுப்பில் தொடங்கியது. மாத்திரை தவறாமல் போடுகிறாள், இரண்டு வருடமாக ஒருமுறைகூட வரவில்லை. ஆனாலும் போன வாரம் அண்ணன் ஒரு விட்டமின் டப்பாவை வாங்கி வந்து என் முன்னால் வைத்தான். "நல்ல எடமாக்கும். கல்யாணம் கழியட்டு, பொறவு சொல்லலாம். மாத்திரைய இதுல மாத்தி வச்சிட்டு, நீ வாயத் தெறக்காம மிண்டாம இரி" என்றான்.

உன் கல்யாணத்துக்கு முந்தைய நாள், நர்சிங் படித்துக்கொண்டிருந்த நான்தானே உன் மாத்திரைகளை இப்படி ஒரு டப்பாவில் மாற்றிக் கொடுத்தேன்? பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வேறு. ஜெபா பிறந்த பிறகு உன் மாமியார், பிரசவம்தான் முடிந்ததே இனி விட்டமின் எதற்கு என்று அதைத் தூக்கி எறிந்தார். அது விட்டமின் இல்லை என்று உன்னால் எப்படிச் சொல்ல முடியும்? நாலாம் நாள் வலிப்பு வருவது தெரிந்து, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் ஓடினாய். அங்கே வாய்க்கால் இருந்தது. அதிலிருந்து உன்னைத் தூக்கியபோது உயிர் இல்லை.

இப்போது நான் நெய்யாற்றின்கரையில் நர்சிங் பிள்ளைகளுக்கு மருத்துவ வரலாற்றுப் பாடம் எடுக்கிறேன். பழைய கிரேக்கர்கள் வலிப்பைத் தெய்வம் தந்த நோய் என்றார்கள். கறுப்பு உடுக்காதே, கால்மேல் கால் போடாதே என்று பரிகாரக்காரர்கள் விதித்தார்கள். நம் சபையில் உன்னைப் பிசாசு பிடித்ததென்று ஜெபித்தார்களே, அதேதான். அந்தக் கிரேக்கர்களில் ஒரு வைத்தியன் மட்டும், காரணம் தெரியாதவர்கள்தான் தெய்வத்தின் பின்னால் ஒளிகிறார்கள், இதுவும் மற்ற நோய்களைப்போல உடம்பில் வருவதுதான் என்றான். மூளைக்குப் போகும் வழியைச் சளி அடைப்பதாக நினைத்தான், அது தப்பு. ஆனால் ஒன்றைச் சரியாகப் பார்த்திருந்தான். வலிப்பு வருமுன் நோயாளி ஓடி ஒளிவது தெய்வத்துக்குப் பயந்து அல்ல, வெட்கத்தால். விவரமறியாத குழந்தைகள் மட்டும் அம்மாவிடம் ஓடுமாம். இதைச் சொல்லிக்கொடுத்த அன்று அதற்குமேல் என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

இன்று மாப்பிள்ளையின் அம்மா டீயை வாங்கிக்கொண்டே கேட்டார். "பிள்ளைக்கு சுகக்கேடு ஒண்ணும் இல்லியே?"

அண்ணன் முந்திக்கொண்டு, ஒன்றும் இல்லை என்றான். கதவருகே நின்ற ஜெபா மெல்லப் பின்வாசல் பக்கம் திரும்பினாள். அந்த நடை உன்னுடையது, அக்கா.

"உண்டு" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வலிப்பை, மாத்திரையை, உன்னை, டப்பாவை மாற்றியது நான் என்பதையும். அந்த அம்மா தம்ளரைக் கீழே வைத்தார். ஜெபா திரும்பி வந்து, எல்லோரும் பார்க்க என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள். சொல்வார்களா? உனக்குச் செய்த பாவத்துக்கு இவள் வாழ்க்கையை வைத்துப் பரிகாரம் தேடிக்கொண்டேனா? அவளிடமே கேட்டேன்.

"நீங்க சொல்லலேன்னா நானும் அம்மைய மாதிரி ஓடியிருப்பேன், சித்தி" என்றாள்.

டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன். இனி அவள் மாத்திரை அதன் சொந்தப் பெயரோடு, வருகிறவர்கள் கண்ணில் படும்படி முன்னறையிலேயே இருக்கும். வலிப்பு வருவது தெரிந்தால் அவள் என்னிடம் ஓடி வரட்டும். நான் இருப்பேன், அக்கா.

உன் மாத்திரையை ஒளித்துக் கொடுத்த தங்கை,
கிரேஸி