மாமா வீட்டுப் பட்டாணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இங்கே அப்பா நன்றாக இருக்கிறார், எனக்குத்தான் மூன்று வாரமாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

உன் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனைப் பட்டைகளையும் அந்தச் சின்னக் கருவியையும் அனுப்பினாயே, கிராஃபீன் என்கிற மெல்லிய கரித்தாளின்மேல் வளைய மூலக்கூறுகளை ஒட்டியிருக்கிறோம், வளையத்துக்குள் சாயம் வந்து உட்கார்ந்தால் மின்சாரம் மாறி எண் ஏறும் என்றாயே, அதை எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் விளையாட்டாகத்தான் போட்டுப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் எண் அசையவில்லை. பட்டாணி ஊறிய தண்ணீரில் விறுவிறுவென்று ஏறியது. பட்டையை மாற்றி மாற்றி மூன்று தடவை பார்த்தேன், மூன்றிலும் அதே கதை. ஆஸ்பத்திரிக்குப் பட்டாணி மூட்டை கொடுப்பது யார்? என் தம்பி, உன் மாமாதான்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அத்தை பட்டாணி போட்டுத்தான் சமைத்திருந்தாள். சமைக்காமல் மீதி இருந்ததில் ஒரு கைப்பிடி வாங்கி ஊறவைத்துப் பார்த்தேன், எண் ஏறவே இல்லை. என்னடா இது என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சொல்கிறான், “சாயம் ஏத்துறதுக்கு முன்னாடியே வீட்டுக்குத் தனியா எடுத்து வெச்சுடுவேன்க்கா, நம்ம பிள்ளைங்க சாப்பிடுறதாச்சே. கலர் இல்லன்னா ஆஸ்பத்திரில எவன் வாங்குவான்?” தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன். இரண்டு வருஷமாக அதை மசித்துக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பியவள் நான், என் கையைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பெரிய டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உணவு ஆய்வாளர் மூட்டைகளுக்குச் சீல் வைத்து எடுத்துப் போனார், அரசுப் பரிசோதனையிலும் சாயம்தான் என்று வந்துவிட்டது. இனி அவனிடம் ஆஸ்பத்திரி எதுவும் வாங்காது, வழக்கும் இருக்கிறது. வாசலில் நின்று, “கூடப் பொறந்தவளா நீ?” என்று கத்தினான். கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பா என் பக்கம்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிம்மதியாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வை. மாமா உனக்குப் போன் செய்வான், அழுவான், அம்மாவைப் புகாரை வாபஸ் வாங்கச் சொல் என்பான். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன், பேசாமல் இருக்காதே, பேசு. அந்தப் பேச்சை மட்டும் என்னிடம் கொண்டுவராதே.

இப்படிக்கு,
உன் அம்மா