முகத்துவாரச் சேற்றில் செம்பு

2025 நவம்பர் 6
சந்தியா நேற்றுக் கேட்டது காலையிலிருந்து மண்டையைக் குடைகிறது. பிள்ளையார்பாளையத்தில் சாயப் பட்டறை நடத்துகிறவள். “பாலாறு கடல்ல சேர்ற எடத்துல, சேத்துல செம்பு இருக்குதாம். அது எங்க பட்டறையாலதான்னு எப்படி டீச்சர் கண்டுபுடிச்சாங்க?”

நல்ல கேள்வி. நடுவில் எத்தனை ஊர், எத்தனை வாய்க்கால். புடவையில் கறை என்றால் தறியிலிருந்து கடைவரை ஒவ்வொரு கையாகப் பார்க்க வேண்டாமா?

நவம்பர் 8
புகார் கொடுத்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பரசுராமன். அவரிடமே கேட்டேன். பட்டறைக்கு மேலேயும் கீழேயும், தண்ணீர் வருகிற பக்கமும் போகிற பக்கமும், வாய்க்கால் சேற்றை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தாராம். கீழே செம்பு பல மடங்கு. “ரிப்போர்ட்டே சொல்லுது டீச்சர். இன்னும் இன்னா?”

இரண்டு இடத்தில் எடுத்தது சரிதான். மனிதர் பாதி வேலையைச் சரியாகச் செய்வதுதான் எரிச்சல்.

நவம்பர் 10
பட்டறைக் கதவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நோட்டீஸ். மூடிவிட்டார்கள். முகூர்த்தப் புடவைக்குச் சாயம் ஏற வேண்டிய நூல் உள்ளேயே கிடக்கிறது. சந்தியா போனை எடுக்கவில்லை.

நவம்பர் 12
மறுபடியும் பரசுராமன் வீடு. சேற்றை எதில் எடுத்தீர்கள் என்றேன்.

“மேல எடுத்தது வாட்டர் பாட்டில்ல. பட்டறைக்குக் கீழ எடுத்தது பித்தளைச் சொம்புல. முக்கியமான சேறாச்சே. புளி போட்டுத் தேய்ச்சி, சுத்தமா எடுத்துக்கினு வந்தேன். லேபு லீவு, ஒரு வாரம் அதுலயேதான் இருந்துச்சி.”

கடவுளே. பித்தளையில் பாதிக்குமேல் செம்புதானே.

“அந்தச் சொம்புல மோர் ஊத்தி வெப்பீங்களா?”

உள்ளேயிருந்து அவர் மனைவி பெரியநாயகி: “மோரா? களிம்பு ஏறிடும் டீச்சர். குடிச்சா வாந்திதான்.”

“மோருக்கு ஆகாது, சேத்துக்கு ஆகுமா?”

பரசுராமன் மின்விசிறியைப் பார்த்தார். “அப்போ எங்க சொம்பு மேல பழி போடறீங்க.”

நவம்பர் 15
மழை. நானே வாய்க்காலில் இறங்கினேன். மரக் கரண்டி, ஒரே மாதிரி பிளாஸ்டிக் டப்பாக்கள். பரசுராமன் கரையில் குடையோடு — “சரியா எடுக்கறீங்களான்னு பாக்க வந்தேன்மா.” குடை அவர் தலைக்கு மட்டும்.

முழங்கால் வலி.

டிசம்பர் 3
முடிவு வந்தது. மேலேயும் கீழேயும் செம்பு ஏறக்குறைய ஒரே அளவு.

“பட்டறை இல்லைன்னா வேற யாரு?” என்கிறார் பரசுராமன்.

தெரியாது என்றேன். இன்னும் மேலே மேலே போய் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அவருக்கு உடனே ஒரு பெயர் வேண்டும்.

டிசம்பர் 11
புது முடிவைப் பார்த்து வாரியம் பட்டறையைத் திறக்க விட்டது. வாசலில் அரக்கு நிறப் பட்டு நூல் கழியில் காய்கிறது. சந்தியாவுக்கு முழங்கைவரை சிவப்பு. சங்கத்தில் புது பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கியிருக்கிறார்களாம். பரசுராமன் என்னிடம் அதைச் சொல்லவில்லை, பெரியநாயகி சொன்னாள்.

இனி யாராவது சந்தியாவைக் கைகாட்டினால் ஒன்றுதான் சொல்வேன்: ஈயம் பூசாத பித்தளைச் சொம்பில் இரவு மோர் ஊற்றி வையுங்கள். காலையில் குடிக்காதீர்கள், உள்ளே பாருங்கள்.