அடுப்பை அணைத்த பிறகு ஊற்றியது

அக்டோபர் 5

காலையிலிருந்து பூசணிப் பாகு. ஆப்பிள் சாறும் பழுப்புச் சர்க்கரையும் கொதித்து வந்ததும் மசித்த பூசணியைச் சேர்த்து, பட்டை, கிராம்பு, இஞ்சி, ஜாதிக்காய் எல்லாவற்றையும் துணியில் முடிந்து உள்ளே போட்டேன். வடிகட்டி நாக்கில் வைத்தால் இனிப்பு இருக்கிறது, மணம் இருக்கிறது, ஆனால் ஏதோ சப்பென்று. பக்கத்து வீட்டு வில்மா எட்டிப் பார்த்தாள். "அடுப்பை அணைச்சிட்டு ரெண்டு கப் விஸ்கி ஊத்து லோர்னா. கொதிக்கும்போது ஊத்தினா ஆவியா போயிடும், வீண்." அவளே புட்டியையும் கொண்டுவந்தாள். ஊற்றினேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பாகு வந்ததில்லை. காப்பியில் ஒரு கரண்டி விட்டுக் குடித்துவிட்டு இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பெண்கள் மாதிரி சிரித்தோம்.

அக்டோபர் 8

தம்பி வெண்டல் வந்தான். கூரையில் குவிந்திருந்த மேப்பிள் இலைகளைத் தள்ளிவிட்டு இறங்கியபோது கை விறைத்துப் போயிருந்தது. சமையலறையில் என் நூலகத்துச் சிநேகிதிகள் நாலைந்து பேர், கூட வில்மா. வில்மா பாகு விட்ட காப்பியை அவனிடம் நீட்டினாள். அவள் இந்த ஊருக்குப் போன வருஷம்தான் வந்தாள், அவன் கதை தெரியாது. அவன் குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

போன கிறிஸ்துமஸில் அவன் மாமியார் எல்லோர் முன்னாலும், "மாப்பிள்ளைகிட்ட அந்த கேக்கை நீட்டாதீங்க, ரம் இருக்கு" என்றபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்தவள் நான். "என்னைக் காலமெல்லாம் எல்லாரும் நோயாளியாவே பாப்பீங்களா அக்கா?" என்று அன்றைக்குக் கேட்டான். அந்த முகத்தை இன்னொரு தடவை நானே வரவழைக்க வேண்டுமா? ஒரு கரண்டிதானே?

ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். "அக்கா, இதுக்காகக் கூரையில இருந்து விழக்கூடச் செய்யலாம்." எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது அவனே ஒரு புட்டியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். நான் வாசலுக்கு ஓடுவதற்குள் வண்டி போய்விட்டது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்டோபர் 9

இன்றைக்குச் சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 10

பாகின் சூட்டிலேயே விஸ்கியின் வீரியம் பாதி போய்விடும் என்கிறது நூலகத்துச் சமையல் புத்தகம். அப்படியென்றால் மீதிப் பாதி?

அக்டோபர் 14

மறுபடி வந்தான். "தீந்துபோச்சுக்கா. நடீனுக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னொன்னு கிடைக்குமா?" நடீன் அவன் மனைவி, இந்த விஷயத்தில் எந்நேரமும் மோப்பம் பிடிப்பவள். அவளுக்கே தெரியவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலமாரியில் புட்டிகள் அவன் கண்ணுக்கு நேராக நின்றன.

கொடுத்தேன்.

இன்று சொன்னால், அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். அவ்வளவுதான் காரணம். எழுதவே கை கூசுகிறது. அவன் போனதும் மிச்சத்தையெல்லாம் தொட்டியில் கொட்டினேன். வீடு முழுக்கக் கிராம்பு வாசனை.

அக்டோபர் 21

நடீன் கூப்பிட்டாள். "அண்ணி, அவர் திரும்ப ஆரம்பிச்சிட்டார். மேல வாடை வருது. கேட்டா கடைப்பக்கமே போகலைங்கிறார். பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்றார்! குடிச்சதைக்கூடப் பொறுத்துக்குவேன், பொய்ச் சத்தியத்தை எப்படிப் பொறுக்கறது? கார் கொட்டகையில போய்ப் படுங்கன்னுட்டேன். நீங்க ஒரு வார்த்தை கேளுங்க. உங்ககிட்ட மறைக்க மாட்டார்."

கேட்கிறேன் என்றேன்! கேட்கிறேனாம்!

அக்டோபர் 22

என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? கடைக்குப் போகலைன்னு அவன் சொன்னது நிஜம்தானே. நிஜத்தைச் சொன்னவன் குளிர்ல படுத்துக் கிடக்கான், நான் கணப்புப் பக்கத்துல கால நீட்டிக்கிட்டு— ஏன் என் பேரைச் சொல்லல அவன்? அக்கா குடுத்த பாகுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமே. பாவம், அதுல என்ன இருக்குன்னே தெரியாதோ?

அக்டோபர் 24

போனேன். நடீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வெண்டலையும் உள்ளே கூப்பிடச் சொன்னேன். கோட்டைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

நடீன் கத்தியைக் கீழே வைத்தாள். "நாலு வருஷம் அண்ணி. இந்த வீட்டுக்கு இருமல் மருந்துகூட நான் பாத்துப் பாத்து வாங்கினேன்." பிறகு அவன் பக்கம் திரும்பி, "ஐயோ, சும்மா இருந்த மனுஷனைப் போய் என்னென்னவோ பேசிட்டேனே" என்று அழ ஆரம்பித்தாள்.

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். பழி மொத்தமும் என்மேல் விழுந்து, அவன் அன்றைக்கே கட்டிலுக்குத் திரும்பியிருப்பான். நானும் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"விஸ்கின்னு தெரியும். முதல் வாய்லயே தெரிஞ்சுது. கப்பைக் கீழ வச்சிருக்கலாம், வைக்கல. ரெண்டாவது புட்டிக்குத் தெரிஞ்சேதான் போனேன். அதைக் காப்பியிலகூட விடல, அப்படியே குடிச்சேன். அதுவும் தீந்ததும் கடைக்கும் போனேன்."

"எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னாராமே. அப்படி ஒரு புட்டியை நான் கண்ணாலயே பாக்கல" என்றாள் நடீன், அவனைப் பார்க்காமல்.

"நான்தானேடா முதல்ல—" என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, உன் பங்கு உன்கிட்ட இருக்கட்டும். என் பங்கையும் சேத்து அள்ளிக்காத. அதையும் நீ எடுத்துட்டா நான் எதை வச்சு எந்திரிக்கிறது?"

நடீன் கதவைத் திறந்துவிட்டாள். நான் வெளியே வந்தேன்.

அக்டோபர் 31

ஹாலோவீன் இரவு; வேஷம் போட்ட குழந்தைகள் வீடு வீடாக மிட்டாய்க்கு வந்து போனார்கள். வெண்டலின் மகளை அனுப்பவில்லை.

நவம்பர் 7

வெண்டல் போன் செய்தான். "கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறியா? வண்டிச் சாவி நடீன்கிட்ட. நானாத்தான் குடுத்தேன்." குடியை விட நினைப்பவர்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிறார்கள். அவன் உள்ளே போனான், நான் காரிலேயே இருந்தேன். திரும்பும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "திரும்ப ஒண்ணாங் கிளாஸ்ல சேத்திருக்காங்க."

நவம்பர் 14

இன்றும் போனோம். மழை.

நவம்பர் 21

முதல் பனி. இறங்கும்போது வெண்டல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னிக்கு வீட்டு ஆளுங்களும் வரலாம். வெளிய உக்காந்து விறைக்காத, உள்ள வா."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றது?"

"ஐயே! அங்க இருக்கறவங்க பண்ணினதையெல்லாம் கேட்டா, உன்னை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, இதெல்லாம் ஒரு குத்தமான்னு."

படி இறங்கினேன். அவன் முன்வரிசைக்குப் போய்விட்டான். கடைசி வரிசையில் நடீன். அவள் வருவாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. படியருகிலேயே நின்றேன், திரும்பி ஏறிவிடலாமா என்று பார்த்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. பிறகு பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.